வண்டியின் பின்கதவு இரண்டும் தனித்தனியே நிற்குமா?



நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பழைய பலகைக் கடை நினைவிருக்கும். இரும்பு ஷட்டர் வருவதற்கு முன்பு, கடைமுகப்பில் மேலும் கீழும் மரச்சட்டத்தில் காடி எடுத்திருப்பார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி நகர்த்துவோம். என் தகப்பனார் ஒவ்வொரு பலகையிலும் தாரால் எண் எழுதி வைத்திருந்தார். இரவில் 1 முதல் 12 வரை வரிசையாகப் போட வேண்டும், காலையில் 12 முதல் 1 வரை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் பலகை ஏறாது. கடைசிப் பலகையைப் பூட்டினால் மற்றப் பதினொன்றும் பூட்டியதாகிவிடும். ஒரே ஒரு பூட்டுதான். ஆனால் நடுவில் ஒரு பலகையை மட்டும் எடுத்து ஒரு படி அரிசி கொடுக்க முடியாது.

இன்று நாம் சரக்கு அனுப்பும் மூடிய வண்டிகளின் பின்பக்க இரட்டைக் கதவும் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கிறது. இரண்டு கதவு தெரிகிறது. உள்ளபடி பார்த்தால் ஒன்று மற்றொன்றை நம்பி நிற்கிறது. இதைக் கவனிக்காமல் வண்டிக்குப் பாடி கட்டியதால் என்னிடம் வேலை பார்த்த ஒரு பையனின் கால் உடைந்தது. மற்றவர்களுக்கு இது நேரக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

2005-இல் டாடா ஏஸ் வந்தது. நம் பக்கத்து மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் நம் ஓசூரிலேயே அசோக் லேலண்டு தொழிற்சாலையிலிருந்து 'தோஸ்த்' வண்டி வெளிவந்தது. இந்த வண்டிகள் வந்த பிறகுதான் நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் கடை கடையாகச் சரக்கை இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தோம். அதற்கு முன் சில்லறைக் கடைக்காரர்தான் பஸ் மேலே மூட்டையைப் போட்டுக்கொண்டு போவார்.

நான் ஒரு திறந்த வண்டி வாங்கினேன். மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டி அவிழ்த்தே நேரம் போயிற்று. சர்க்கரையும் வெல்லமும் ஈரமாயின. எனவே தகடு அடித்து மூடிய பாடி கட்டச் சொன்னேன். மேஸ்திரி பின்கதவுக்கு நான்கு பூட்டுக் கம்பிகள் போடலாம் என்றார். நான், "கண்டெய்னர் லாரியா ஓட்டப் போகிறோம்? ஒரு கம்பி போதும், செலவைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டேன். சில ஆயிரம் ரூபாய் மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். அவர் வலது கதவுக்கு மாத்திரம் மேலும் கீழும் பிடிக்கும் ஒரு கம்பியைப் போட்டார். இடது கதவுக்குச் சொந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. வலது கதவின் ஓரத்தில் இருந்த தகட்டுப் பட்டை அதன் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மழை நாள் மாலை, தேன்கனிக்கோட்டை சாலையில் நான்காவது கடை. உள்ளே மூட்டைகள் சரிந்து கதவின் மேல் சாய்ந்திருந்தன. கடைக்காரர் கேட்டது ஒரு எண்ணெய் டின். அதை எடுக்க எங்கள் பையன் வலது கதவைத் திறந்தான். வலது கதவு விலகிய அதே விநாடியில் இடது கதவைப் பிடிக்க ஆளில்லை. மூட்டைகள் தள்ள, அது படீரென்று திறந்து அவன் தோளில் அடித்துக் கீழே தள்ளியது. பின்னாலேயே இரண்டு சர்க்கரை மூட்டைகள் அவன் கால் மேல் விழுந்தன. கணுக்கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வீட்டில் இருந்தான். வைத்தியச் செலவும் சம்பளமும் நான் கொடுத்தேன். ஆனால் அவன் தாயார் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. "ஐயா, கதவு இப்படித்தான் திறக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எது எதைப் பிடித்திருக்கிறது?

ஒரு வாசலுக்கு இரண்டு கதவு வைத்தால், அவை நடுவில் சந்திக்கும் இடத்தில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கதவு வெளியே தள்ளப்படாமல் பிடிபட வேண்டும். மழைத் தண்ணீரும் தூசியும் நுழையக் கூடாது. திருடன் கைவிரலோ கடப்பாரையோ நுழையவும் இடம் கூடாது.

நடுவில் ஒரு தூண் இருந்தால் மூன்று வேலைகளையும் அது செய்துவிடும். இரண்டு கதவும் தூணில் போய்ச் சேரும். எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். தூண் இல்லாவிட்டால், ஒரு கதவு மற்றொரு கதவுக்குத் தூணாக நிற்க வேண்டியிருக்கும். அப்போது வரிசை வந்துவிடுகிறது. முதலில் திறப்பது எது, கடைசியில் மூடுவது எது என்ற கட்டாயம் பிறக்கிறது.

பெரிய பெரிய கார் கம்பெனிகளுக்கும் இதே கணக்குத்தான். 2003-இல் ஜப்பானின் மஸ்தா கம்பெனி ஆர்.எக்ஸ்.8 என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் தூண் கிடையாது. பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். ஆனால் முன்கதவைத் திறந்த பிறகுதான் பின்கதவைத் திறக்க முடியும். பின்னால் உட்கார்ந்தவர் இறங்க வேண்டுமானால் முன்னால் இருப்பவர் கதவைத் திறந்துவிட வேண்டும். வாசல் அகலமாயிற்று, சுதந்திரம் குறைந்தது. தனித்தனியாகத் திறக்க வேண்டுமென்றால் நடுவில் தூணோ, தூணின் வேலையைச் செய்யும் வேறு ஏற்பாடோ வேண்டும்.

அந்த வேறு ஏற்பாடுதான் பூட்டுக் கம்பி. கதவின் நடு ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நீண்டு, திருப்பினால் மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் உள்ள கொளுவியில் மாட்டிக்கொள்ளும் கம்பி. மாட்டிய பிறகு அது ஒரு தூணுக்குச் சமம். ஒவ்வொரு கதவுக்கும் அதனதன் கம்பி இருந்தால் ஒவ்வொரு கதவும் தன் காலிலேயே நிற்கும். ஒரு கதவுக்கு மாத்திரம் கம்பி போட்டால் மற்றது அதன் தயவில் நிற்கும். நான் மிச்சம் பிடித்தது அந்தக் கம்பியைத்தான்.

கண்டெய்னரைப் பார்த்து நாம் கற்றது

நம் கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் சேர்ந்து பெங்களூருக்குப் போகின்றன. இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் போவதைப் பார்க்கிறோம். நம் ஊர்ப் பாடி மேஸ்திரிகள் பின்கதவு வைப்பதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதும் பெரும்பாலும் அந்தப் பெட்டியைத்தான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி உரிமையாளர் 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி இறக்குவதற்குப் பதிலாகப் பெட்டியோடு ஏற்றும் வழக்கம் அதிலிருந்து பரவியது. பிறகு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகள் ஏற்பட்டன.

இன்றைய கண்டெய்னரின் கதவை நின்று பாருங்கள். வழக்கமாக ஒவ்வொரு கதவிலும் இரண்டு கம்பிகள், ஆக நான்கு. பின்னால் நின்று பார்த்தால் வலது கதவின் ஓரம் இடது கதவின் மேல் ஏறியிருக்கும். வலது கதவைத் திறக்காமல் இடது கதவைத் திறக்க முடியாது. சீல் வைப்பதும் வலது கதவில்தான். ஒரே ஒரு சீலைப் பார்த்தால் இரண்டு கதவும் திறக்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நம் பலகைக் கடையின் கடைசிப் பலகைப் பூட்டு மாதிரி. ஒரு இடத்தில் ஏற்றி, சீல் வைத்து, இன்னொரு இடத்தில் மொத்தமாக இறக்கும் பெட்டிக்கு இது மிகச் சரியான ஏற்பாடு.

இதில் கவனிக்க வேண்டியது, வலது கதவைத் திறந்தாலும் கண்டெய்னரின் இடது கதவு தன் இரண்டு கம்பிகளோடு உறுதியாக நிற்கும். நாம் பட்டையைக் காப்பி அடித்தோம், கம்பியை விட்டுவிட்டோம். எனக்கு நேர்ந்த விபத்துக்கு அதுதான் காரணம்.

நம் சாலைக்கு எந்தக் கதவு முதலில்?

இரண்டாவது விஷயம். கண்டெய்னர் ஒரு நாளைக்கு ஒரு முறை திறக்கிறது. நம் வண்டி ஓசூரில் கிளம்பி பாகலூர், பேரிகை, சூளகிரி என்று சுற்றி வந்தால் இருபது முப்பது இடங்களில் திறக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இறங்குவது இரண்டு மூட்டை, நான்கு அட்டைப்பெட்டி. அதற்கு இரண்டு கதவையும் திறப்பது வீண் வேலை. ஆபத்தும் உண்டு.

நம் நாட்டில் வண்டி சாலையின் இடது பக்கம் ஓடுகிறது, இடது ஓரமாக நிற்கிறது. கடை இடது பக்கம் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள். இடது கதவு கடைப்பக்கம், வலது கதவு சாலைப்பக்கம். ஐந்தடி அகலமுள்ள சின்ன வண்டியில்கூட ஒவ்வொரு கதவும் இரண்டேகால், இரண்டரை அடி இருக்கும். அதை முழுவதும் சுற்றி வண்டியின் பக்கச் சுவரில் சாத்தும்போது, பாதி வழியில் அந்த இரண்டரை அடியும் சாலைக்குள் நீண்டு வரும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது கத்தி மாதிரி. கண்டெய்னர் மாதிரியில் கட்டினால் நாம் ஒவ்வொரு கடையிலும் முதலில் திறப்பது இந்தச் சாலைப்பக்கக் கதவைத்தான்.

ஆகவே நம் வேலைக்கு முதலில் திறக்க வேண்டியது இடது கதவு. பட்டை இடது கதவில் இருக்க வேண்டும், வலது கதவின் மேல் ஏற வேண்டும். மேஸ்திரிக்கு இது ஒரு பைசா அதிகச் செலவில்லாத மாற்றம். நாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் அவர் பழக்கப்படி வலது கதவில் வைத்துவிடுவார்.

மூன்று வழிகள்

முதல் வழி: இடது கதவில் ஏறுபட்டை, இரண்டு கதவுக்கும் தனித்தனிக் கம்பி. இடது கதவைத் தனியாகத் திறக்கலாம், மூடலாம். வலது கதவைத் திறக்க வேண்டுமானால் இடது கதவைத் திறந்த பிறகுதான். இதைப் பாதிச் சுதந்திரம் என்று சொல்லலாம். ஒரே பூட்டு போதும். மழை நுழைவது குறைவு. கடை கடையாகப் போகும் வண்டிக்கு இதுவே போதுமானது.

இரண்டாம் வழி: நடுத்தூண். வாசலின் நடுவில் ஒரு இரும்புத் தூணை நிறுத்தி, இரண்டு கதவையும் அதில் சேர்ப்பது. இரண்டும் முழுக்க முழுக்கத் தனி. திருட்டுக்கும் மழைக்கும் நல்ல காப்பு. ஆனால் வாசல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அகலமான பெட்டி, ஃப்ரிட்ஜ், பீரோ ஏற்ற முடியாது. தூணைக் கழற்றி மாட்டும்படி கீழே குழியும் மேலே கொண்டி போட்ட ஊசியும் வைக்கச் சொல்லலாம். மளிகைச் சரக்குக்கு மட்டும் ஓடும் வண்டியில் தூண் ஒரு இடைஞ்சல் இல்லை.

மூன்றாம் வழி: பட்டையும் இல்லை, தூணும் இல்லை. இரண்டு கதவின் ஓரத்திலும் தடித்த ரப்பர் வைத்து, இரண்டு ரப்பரும் ஒன்றை ஒன்று அழுத்தும்படி விடுவது. ஒவ்வொரு கதவுக்கும் அதன் ஓரத்திலேயே மேலும் கீழும் மாட்டும் கம்பி. இரண்டும் தனித்தனியே திறக்கும், வாசலும் முழு அகலம். ஆனால் இரண்டு பூட்டு வேண்டும். ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும், பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் நடுவில் இடைவெளி வந்துவிடும். பராமரிப்பு உள்ளவர்களுக்குத்தான் இது சரிவரும்.

இவற்றோடு இன்னொரு யோசனையும் உண்டு. கதவு இரண்டும் சம அகலமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஐரோப்பாவில் ஓடும் ரெனோ காங்கூ, சிட்ரோயன் பெர்லிங்கோ போன்ற சின்ன சரக்கு வேன்களில் ஒரு கதவு பெரியது, மற்றது சிறியது. நாமும் கடைப்பக்கக் கதவை மூன்று பங்கும் சாலைப்பக்கக் கதவை இரண்டு பங்குமாக வைக்கலாம். ஐந்தடி வாசலில் இடது கதவு மூன்றடி கிடைக்கும். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆள் நேராக இறங்க முடியும். வலது கதவை நாள் முழுக்கத் தொடவே வேண்டியதில்லை.

கீலுக்குத் தராசுக் கணக்கு

தனியாகத் திறக்கும் கதவு அதிகமாகத் திறக்கும். அதனால் கீல் சீக்கிரம் தேயும். கீலில் எவ்வளவு இழுவை வருகிறது என்பதற்கு இன்ஜினியர் வேண்டாம். தராசு பிடித்த நமக்கே தெரிந்த கணக்குத்தான். எடை எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது.

கதவின் எடை 40 கிலோ, அகலம் 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடை நடுவில் தொங்குவதாகக் கணக்கு, அதாவது கீலிலிருந்து 37.5 சென்டிமீட்டரில். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 150 சென்டிமீட்டர். 40-ஐ 37.5-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 10. மேல் கீலை வெளியே பிடுங்கும் இழுவை 10 கிலோ. இது ஒன்றும் பெரிதல்ல.

இப்போது 60 கிலோ எடையுள்ள ஆள் கதவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறான். 60-ஐ 75-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 30. பழைய 10-ஐயும் சேர்த்தால் 40 கிலோ. நான்கு மடங்கு! மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கிப்போவது இதனால்தான். கதவு தொங்கினால் கம்பி கொளுவியில் மாட்டாது. மாட்டாத கம்பியைச் சுத்தியலால் அடித்து மாட்டுவார்கள். பிறகு ஒரு நாள் அது தானே கழன்றுகொள்ளும்.

ஆகவே ஏறுவதற்குக் கைப்பிடியைக் கதவில் வைக்காதீர்கள். வாசலின் பக்கத் தூணில் வையுங்கள். கீழே ஒரு படியும் வையுங்கள். மேல், கீழ்க் கீல்களை இயன்றவரை தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இடைவெளி கூடக் கூட இழுவை குறையும். நடுவில் மூன்றாவது கீல் இருந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை கிரீஸ் வைத்தால் போதும்.

கதவு திறந்திருக்கும்போது வண்டி ஓடக் கூடாது

தனியாகத் திறக்கிறதே என்று ஒரு கதவைத் திறந்துவைத்தபடியே அடுத்த கடைக்கு ஓட்டிப் போகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நூறு அடிதானே என்பார்கள். அது தவறு. மூடிய பாடிக்குப் பின்பக்கம்தான் பலவீனம். மற்ற மூன்று பக்கமும் சுவர், பின்பக்கம் வெறும் வாசல். கதவு இரண்டும் மூடிக் கம்பிகள் மேலும் கீழும் மாட்டியிருக்கும்போது அந்த வாசல் கோணாமல் நிற்கிறது. கட்டில் சட்டத்துக்குக் குறுக்குக்கட்டை போட்ட மாதிரி. ஒரு கதவைத் திறந்துவைத்து மேடுபள்ளத்தில் ஓட்டினால் வாசல் கோணும். பிறகு கதவு சரியாகச் சேராது.

சரிவான இடத்தில், ஒரு சக்கரம் பள்ளத்தில் இருக்கும்படி நிறுத்தினாலும் கதவு இறுகிக்கொள்ளும். அப்போது இழுத்துத் திறக்காதீர்கள். வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்தினால் தானே இளகும்.

மழைக்கும் உள்ளே மாட்டிக்கொள்பவருக்கும்

வாசலுக்கு மேலே கூரை ஓரத்தில் ஒரு சின்னத் தகட்டு ஓடை வேண்டும். கூரைத் தண்ணீர் கதவு இடுக்கில் இறங்காமல் இருபக்கமும் போய்விடும். கதவின் கீழ் ஓரம் வண்டித் தளத்தைவிட ஒரு அங்குலமாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். தளத்தோடு சமமாக நின்றால் வழியும் தண்ணீர் உள்ளேதான் வரும். முதல் வரிசை மூட்டைகளுக்கு அடியில் மரச்சட்டம் போடுங்கள்.

இன்னொன்று முக்கியம். வெளிக் கம்பியை உள்ளேயிருந்து திறக்க முடியாது. உள்ளே ஆள் சரக்கு அடுக்கும்போது வெளியே யாராவது தெரியாமல் கதவைச் சாத்திக் கம்பியைப் போட்டுவிட்டால், வெயிலில் தகட்டுப் பெட்டி அடுப்பாகிவிடும். ஆள் உள்ளே ஏறுவதற்கு முன், திறந்த கதவைப் பக்கச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்டியாக வேண்டும். இதனால் காற்றில் கதவு அடித்து விரல் நசுங்குவதும் தவிரும். ஒரு கதவின் பூட்டையாவது உள்ளேயிருந்து இழுத்துத் திறக்கும்படி அமைக்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்.

சரக்கு அடுக்கும் முறை

கதவு தனித்தனியாக இருந்து, சரக்கை ஒரே குவியலாக அடுக்கினால் பயனில்லை. வண்டிக்குள் நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். சாலைப்பக்கம் வலது வரிசையில் கடைசிக் கடைகளுக்கும் பெரிய கடைகளுக்கும் உரிய மூட்டைகள். கடைப்பக்கம் இடது வரிசையில் முதல் கடைகளின் சரக்கு, சில்லறைப் பெட்டிகள், எண்ணெய் டின்கள். இடது வரிசை குறையக் குறைய உள்ளே நடந்து போக வழி கிடைக்கும். கதவுக்கு உட்புறம் இடுப்பளவில் குறுக்காக ஒரு கயிறோ பட்டியோ கட்டிவிட்டால் மூட்டை கதவில் சாயாது. கதவின் வேலை சரக்கை மூடுவது. சரக்கைத் தாங்குவது அதன் வேலை அல்ல.

திறக்கும் ஆளுக்கும் ஒரு முறை உண்டு. கதவுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. கீல் இருக்கும் பக்கமாக, வண்டியின் ஓரத்தில் ஒதுங்கி நின்று கம்பியைத் திருப்ப வேண்டும். கதவை ஒரு சாண் மாத்திரம் விட்டு, உள்ளே ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுவதும் திறக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவை

1. இரண்டு கதவுக்கும் அதனதன் பூட்டுக் கம்பி, மேலும் கீழும் மாட்டும்படி.
2. ஏறுபட்டை கடைப்பக்கமாகிய இடது கதவில்.
3. வேண்டுமானால் இடது கதவு மூன்று பங்கு, வலது கதவு இரண்டு பங்கு.
4. இரண்டு பக்கமும் திறந்த கதவைப் பிடிக்கும் கொக்கி.
5. கைப்பிடி பக்கத் தூணில், கதவில் அல்ல.
6. பின்விளக்கும் நம்பர் பலகையும் கதவின் மேல் இல்லாமல், கதவு எந்த நிலையில் இருந்தாலும் தெரியும்படி.
7. கூரை ஓடை, தளத்துக்குக் கீழே இறங்கிய கதவு ஓரம்.

வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே ஒரு ஆளை விட்டு, முதல் கதவை நீங்கள் திறந்துகொண்டு, இரண்டாவது கதவை அவரை உள்ளிருந்து தோளால் தள்ளச் சொல்லுங்கள். அசையாமல் நின்றால் பணத்தைக் கொடுங்கள். ஆடினால் வண்டியை எடுக்காதீர்கள். நான் அன்று இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும்.

திறந்த வண்டியை மூடிய பாடியாக மாற்றுகிறவர்கள் சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, வேலை முடிந்ததும் ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் வரிக்காக வண்டி வரிசையில் நின்று கதவைத் திறந்து காட்டிய காலம் முடிந்துவிட்டது. அந்த நேரம் மிச்சமானதால் நாம் இன்னும் அதிகக் கடைகளுக்குப் போகிறோம். கதவு இன்னும் அதிகமாகத் திறக்கிறது. ஆகவே கதவில் கவனமும் அதிகம் வேண்டும்.

அந்தப் பையன் குணமாகி என்னிடமே திரும்பி வந்தான். வந்த முதல் நாள் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, இடது கதவில் பட்டை, இரண்டு கதவிலும் கம்பி என்று மாற்றிக் கட்டினேன். அவனையே அழைத்து, வெள்ளைப் பெயின்டால் இடது கதவில் 1 என்றும் வலது கதவில் 2 என்றும் எழுதச் சொன்னேன். திறக்கும்போது 1, 2. மூடும்போது 2, 1. என் தகப்பனார் பலகையில் எழுதிய எண்ணுக்கு இருந்த அதே பொருள்தான். புது டிரைவர் வந்தாலும், புது ஆள் வந்தாலும், யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளலாம்.

மே 5 வணிகர் தினத்தன்று நம் கடைகள் மூடியிருக்கும், வண்டிகளும் நிற்கும். அன்று காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வண்டியின் முதல் கதவைத் திறந்து, இரண்டாவது கதவை உள்ளிருந்து ஒரு முறை தள்ளிப் பாருங்கள். அது தனியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.